நாலை இறக்கி எட்டை ஏற்றி ஒன்பது வருடம்: என் எம்.ஜி.பி. ஜி.டி. அனுபவம்

என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யின் நாலு சிலிண்டர் என்ஜினை இறக்கிவிட்டு எட்டு சிலிண்டர் வி8 என்ஜினை ஏற்றி முதல் தடவை கிளப்பிய நாளிலிருந்து போன வாரம் வரை 31,000 மைல் ஓடியிருக்கிறது. இத்தனை மைலில் என்ஜினுக்குள்ளே ஸ்பேனர் போனது இரண்டே தடவை, அதில் ஒன்று முழுக்க என் முட்டாள்தனம். என்ஜினைச் சுற்றியிருக்கிற சமாச்சாரங்களுக்காக எத்தனை தடவை பானெட்டைத் திறந்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை, மனைவி பார்த்துவிடுவார் என்று எழுதி வைக்கவில்லை. இந்த மாற்றத்தைச் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், எல்லோரும் என்ஜினைப் பற்றியே கேட்கிறார்கள். அது கடைசியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கார் 1977 மாடல், ரப்பர் பம்பர், கூரை வைத்த ஜி.டி. 2013இல் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒருவரிடம் 3,800 பவுண்டுக்கு வாங்கினேன். உள்ளே இருந்தது 1,798 சிசி நாலு சிலிண்டர், வார்ப்பிரும்புக் கட்டி (என்ஜின் பிளாக்). மாடல் வெளிவந்த 1962இல் 95 குதிரைத்திறன் என்று போட்டிருந்தார்கள், என் வண்டியில் அதில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று அளந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. குறை சொல்லும்படியான என்ஜின் இல்லை அது. கிராமத்துச் சாலையில் 50 மைல் வேகத்தில் போகும்போது அதைவிட இனிமையான சத்தம் கிடையாது. ஆனால் ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) செத்துப்போன பிறகு மோட்டார்வேயில் 70 மைலுக்கு நிமிடத்துக்கு 3,900 சுற்று கிட்ட ஓட வேண்டியிருந்தது, இரண்டு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கினால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரவு வரை ரீங்காரம்.

ஓவர்டிரைவைச் சரிபார்த்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆமாம், தெரியும். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே.

வி8 என்றதும் "மூக்கு கனத்துப்போகுமே" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எம்.ஜி.சி.யை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். 1967இல் இதே உடலுக்குள் 2,912 சிசி ஆறு சிலிண்டர் இரும்பு என்ஜினைத் திணித்தார்கள், மூக்கு கனத்தது, திருப்பத்தில் வண்டி நேராகவே போகப் பார்க்கிறது என்று பத்திரிகைகள் கிழித்தன, 1969இல் கடையைக் கட்டினார்கள். நான் போட்ட ரோவர் வி8இன் கதை வேறு. அதன் பூர்வீகம் அமெரிக்காவில், பியூக்கின் 215 கன அங்குல அலுமினிய என்ஜின். ஜெனரல் மோட்டார்ஸ் 1963 மாடலோடு அதைக் கைவிட்டது, 1965இல் ரோவர் உரிமத்தை வாங்கி 1967இல் தன் பி5பி காரில் பொருத்தியது. கட்டியும் ஹெட்டும் அலுமினியம் என்பதால் எட்டு சிலிண்டர் இருந்தும் எம்.ஜி.பி.யின் இரும்பு நாலைவிடக் கனமில்லை. கென் காஸ்டெல்லோ என்பவர் இதைக் கண்டுகொண்டு கம்பெனிக்கு முன்னாலேயே எம்.ஜி.பி.க்குள் ஏற்றி விற்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் எம்.ஜி.யின் ஆபிங்டன் ஆலையே 1973இல் ஜி.டி. வி8ஐ வெளியிட்டது, 137 குதிரைத்திறன். அதே வருடம் பெட்ரோல் நெருக்கடி. 1976இல் நிறுத்தியபோது மொத்தம் 2,591 கார்தான் வெளியே வந்திருந்தது. உண்மையான ஜி.டி. வி8 ஒன்றை வாங்க என் பையில் காசில்லை, அதனால் இந்த வேலை.

1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது எல்லா உடல்களையும் வி8க்கும் பொருந்தும்படி ஒரே மாதிரியாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே குரோம் பம்பர் காரை விட்டுவிட்டு எல்லோரும் கிண்டல் செய்கிற ரப்பர் பம்பரை வாங்கச் சொல்வேன். 77 மாடலில் ரேடியேட்டரும் ஏற்கெனவே முன்னால் தள்ளி இருக்கிறது, என்ஜினுக்கு இடம் தயார்.

நான் போட்டது ரோவர் எஸ்.டி.1இலிருந்து கழற்றிய 3,528 சிசி, கூடவே அதன் ஐந்து கியர் எல்.டி.77 பெட்டி. இரண்டும் சேர்த்து 900 பவுண்டு. 2015 குளிர்காலத்தில் ஆரம்பித்தேன், ஈஸ்டருக்கு முடித்துவிடுவேன் என்று வீட்டில் சொன்னேன், 2016 ஆகஸ்டில் முடிந்தது. என்ஜின் உள்ளே இறங்கியது ஒரே சனிக்கிழமையில். மிச்ச எட்டு மாதமும் அதைச் சுற்றி. கியர் பெட்டி அகலமானது என்பதால் அது உட்கார்கிற நடுச்சுரங்கத்தைச் சுத்தியலால் அடித்து விரிக்க வேண்டும் (அடித்தேன் என்று நாகரிகமாகச் சொல்கிறேன்). ஆயில் ஃபில்டர் இருக்கிற இடத்தில் இருக்க முடியாது, குழாய் போட்டு முன்னால் கொண்டுபோக வேண்டும். எஸ்.டி.1இன் கார்பரேட்டர்களோடு பானெட் மூடவே மூடாது. காஸ்டெல்லோ பானெட்டில் ஒரு திமில் வைத்தார், ஆபிங்டன்காரர்கள் இரண்டு எஸ்.யு. கார்பரேட்டரையும் பின்னால், கண்ணாடிப் பக்கம் தள்ளி வைக்கும் ஒரு இணைப்பைச் செய்தார்கள். திமில் எனக்குப் பிடிக்காது, அந்த இணைப்பைப் பழையதாகத் தேடிப் பிடித்தேன். பின் ஆக்சிலில் 3.9 விகிதத்தை எடுத்துவிட்டு வி8இன் 3.07ஐப் போட்டேன். இதை மறந்தால் முதல் கியரை ஒரு குறுக்குச் சந்தைத் தாண்டக்கூடப் பயன்படுத்த முடியாது.

என்ஜின் மவுண்ட்டுகளை மட்டும் நானே செய்யவில்லை, ஒரு பட்டறையில் வெல்டிங் செய்யக் கொடுத்தேன். ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. புகார் சொன்னால் "ரப்பர் அமர்ந்ததும் சரியாகிவிடும்" என்றார்கள். எந்த ரப்பர் 8 மில்லிமீட்டர் அமரும்? அறுத்து மறுபடி நானே செய்தேன், அசிங்கமான வெல்டிங்தான், ஆனால் ஒன்பது வருடமாக நிற்கிறது.

சரி, ஓட்ட எப்படி இருக்கிறது?

வேகம் கூடியது என்பது உண்மை, ஆனால் அது இரண்டாம் பட்சம். பழைய என்ஜினில் 110 பவுண்டு அடி டார்க், இதில் 200க்குக் கொஞ்சம் கீழே, அதுவும் பாதிச் சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஆக, கியர் மாற்றுகிற பழக்கமே போய்விட்டது. பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பாதையில் முன்பு மூன்றுக்கு இறக்கி, மிதித்து, கதறவிட்டு ஏறிய அதே ஏற்றத்தில் இப்போது நாலாவது கியரில் தன் பாட்டுக்கு ஏறுகிறது. 70 மைலில் ஐந்தாவது கியர் 2,400 சுற்றுதான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசுகிறார், நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் ஓர் இழப்பும் உண்டு, மறைக்கப் போவதில்லை. பழைய என்ஜினைக் கடைசி மூச்சுவரை பிழிந்து ஓட்டுவதில் ஒரு விளையாட்டு இருந்தது, 55 மைலிலேயே ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். இப்போது அந்த வண்டி இல்லை. இது சோம்பேறியான, கனிந்த, பெரிய மனிதர் வண்டி. ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லே கொஞ்சம் இடறுகிறது.

இனி சூடு. இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

முதல் மூன்று வருடம் என்ஜினை ஒட்டியே கீழே இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்கள்தான் போட்டிருந்தேன், வெட்டு வேலை இல்லை, விலையும் குறைவு. விளைவு, எட்டு சிலிண்டரின் நெருப்பும் நாலு சிலிண்டருக்குக் கட்டிய குகைக்குள். ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில், ஸ்டியரிங் தண்டும் அதே பக்கம். ஒரு ஜூலை மாதம் லண்டனைச் சுற்றும் எம்25 மோட்டார்வேயில் நெரிசலில் மாட்டினேன், ஊசி ஏறிக்கொண்டே போனது, ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, ஜன்னல்களை இறக்கிவிட்டு, வேகவைத்த இட்லி மாதிரி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதைவிட எரிச்சல், பெட்ரோல் போட நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருபது நிமிடம் ஆற விட வேண்டும்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியம் சொன்னார்கள். பானெட்டின் பின் ஓரத்தை வாஷர் வைத்து உயர்த்தினால் சூடு வெளியேறும் என்று ஒருவர். செய்து பார்த்தேன், கண்ணாடியின் அடிப்பகுதியில் ஓடும்போது காற்றழுத்தம் அதிகம், அதனால் சூடு வெளியே போவதற்குப் பதில் காற்று உள்ளேதான் வருகிறது, நின்றால் பெட்ரோல் வாசனை நேராகக் காருக்குள். எடுத்துவிட்டேன். ஒற்றை மின்விசிறியை இரண்டாக்கியது உதவியது, தொழிற்சாலை வி8இலேயே இரண்டுதான் இருந்தன, நான் ஏன் ஒன்றோடு ஆரம்பித்தேன் என்று கேட்காதீர்கள். ஸ்டார்ட்டரைச் சிறிய, கியர் வைத்த வகையாக மாற்றி நடுவில் தகடு வைத்ததில் அந்த "டொக்" போயிற்று.

ஆனால் நோயைத் தீர்த்தது நாலாவது வருடம் செய்த ஒன்றுதான். 1992இல் ரோவர் எம்.ஜி. ஆர்.வி.8 என்று 3.9 லிட்டரோடு ஒரு காரை வெளியிட்டதே, அதில் எக்ஸாஸ்ட் குழாய்கள் உள் மட்கார்டைத் துளைத்துச் சக்கரப் பக்கம் போய் இறங்கும். அந்த மாதிரிக் குழாய்களை வாங்கி, நல்ல நிலையில் இருந்த உள் மட்கார்டில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டேன், கை நடுங்கியது. அடுத்த கோடையில் ஊசி நடுவைத் தாண்டவில்லை. முதல் நாளே இதைச் செய்திருந்தால் 600 பவுண்டும் மூன்று கோடையும் மிச்சம். 2021 செப்டம்பரில் பெட்ரோல் பங்குகளில் எத்தனால் கூடுதலாகக் கலந்த ஈ10 பெட்ரோல் வந்த பிறகு சூட்டில் திரும்பக் கிளப்புவது கொஞ்சம் மோசமானதாக எனக்குப் பட்டது, இப்போது எத்தனால் குறைவான, விலை அதிகமான ஈ5 மட்டும்தான்.

முட்டாள்தனக் கதை. மூன்றாம் வருடம் டைமிங் செயின் மாற்ற முன் மூடியைக் கழற்றினேன். இந்த என்ஜினில் ஆயில் பம்பு அந்த மூடியிலேயே, ஆயில் தொட்டிக்கு வெகு மேலே இருக்கிறது, பற்கள் காய்ந்துவிட்டால் தானாக உறிஞ்சாது. அதனால் பம்புக்குள் வாசலினை அப்பி மூட வேண்டும், எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, நானே இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மறந்தேன். கிளப்பி விட்டு ஆயில் விளக்கு அணையக் காத்திருந்தேன், ஐந்து நொடி, பத்து நொடி, அணையவில்லை. அணைத்துவிட்டு, பம்பைத் திறந்து வாசலின் அப்பி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்கி அந்த ஓட்டை வழியாகத் துளைக்கும் மெஷினால் பம்பைச் சுற்றினேன், ஆயில் வந்தது. குழந்தைக்கு வாங்கிய வாசலின் டப்பா அதோடு காலி. இன்னொன்று, எம்.ஜி.பி.யிலிருந்து வருகிறவர்கள் இதன் ஆயில் அழுத்தத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். சூடான பிறகு 30, 35 என்று நின்றாலும் இதற்கு அது சரி.

இரண்டாவது தடவை திறந்தது வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கு, ஆறாம் வருடம். மெல்லிய டிக் டிக், கொஞ்சம் மந்தம், திறந்து பார்த்தால் இரண்டு முகடு தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. இது ரோவர் வி8இன் பரம்பரை வியாதி. அதிலிருந்து துத்தநாகம் கூடிய 20டபிள்யூ50 ஆயில், வருடம் ஒரு முறை, மைல் ஆகியிருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

பிரேக்குக்கு வி8இன் தடித்த டிஸ்க்கும் காலிப்பரும், போதும். பின்னால் டிரம்தான். காலையில் எல்.டி.77 இரண்டாவது கியரை முதல் இரண்டு மைலுக்குத் தராது, கெஞ்சினாலும் தராது, சூடானதும் தானாக வரும். மைலேஜ் ஒரு கேலனுக்கு 24, நீண்ட பயணத்தில் 27. பழைய நாலோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

காகித வேலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் என்ஜின் எண், கொள்ளளவு எல்லாம் மாற்ற வேண்டும். நான் அதுவரை வைத்திருந்த காப்பீட்டு நிறுவனம் வி8 என்றதும் போனிலேயே கழற்றிவிட்டது, பழைய கார்களுக்கென்றே இருக்கிற ஒன்றில், புகைப்படமும் பில்களும் அனுப்பி, ஒப்புக்கொண்ட மதிப்போடு எடுத்தேன், தொகை முன்பைவிட அப்படியொன்றும் அதிகமில்லை. 40 வயது தாண்டிய காருக்கு வருடாந்திரப் பரிசோதனை தேவையில்லை என்றாலும், கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் செய்த காருக்கு அந்தச் சலுகை போய்விடும். ஜி.டி.யில் வி8 கம்பெனியே போட்டதுதானே என்று வாதாடலாம். நான் வாதாடவில்லை, வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டிவிடுகிறேன்.

கார் விலை போக, இன்றுவரை மாற்றத்துக்கு மட்டும் 9,400 பவுண்டு. இதில் என்ஜினின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை, அதைக் கவனியுங்கள். ஆரம்பிக்கிறவர்கள் முதல் பணத்தை எக்ஸாஸ்டிலும் ரேடியேட்டரிலும் போடுங்கள். என்ஜின் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.

பழைய 1,798ஐ விற்கவில்லை. கராஜ் மூலையில் ஒரு மரப்பலகை மேல், பழைய போர்வை போர்த்தி நிற்கிறது. போன மாதம்கூட ஒருவர் 250 பவுண்டு தருகிறேன் என்றார். "குடுத்துடுங்களேன், சைக்கிள் நிறுத்தவாவது இடம் கிடைக்கும்" என்றார் மனைவி. ஓவர்டிரைவ் சரிபார்க்க எவ்வளவு ஆகும் என்று அன்று இரவு விசாரித்துக்கொண்டிருந்தேன்.