87,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பின்னட்டையில் கொலைகாரன் பெயரை அச்சடித்து அனுப்பினார்கள்

சனிக்கிழமை மாலை, என் முதல் நாவல் அச்சாகிப் பெட்டியில் வந்தது. இன்று செவ்வாய். இந்த மூன்று நாளும் எனக்குச் சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. முதல் புத்தகத்துக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டால் போதும், அதற்காகத்தான் எழுதுகிறேன். என்னென்ன பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. புகார் பதிவாகட்டும், அதற்கு முன் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எப்படிப்பட்ட இடம் என்று மட்டும் சொல்கிறேன். ஆன்லைனில் விளம்பரம் போட்டு, எழுதினவரிடமே பேக்கேஜ் பேக்கேஜாகப் பணம் வாங்கிப் புத்தகம் போட்டுத் தரும் சுயபதிப்பு நிறுவனம். கொடுத்தது சென்னை முகவரி.

நான் பிறந்தது கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம். அப்பா சாம்பியன் ரீஃபில் பூமிக்கடியில் இறங்கி வேலை செய்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மைன்ஸை மூடினார்கள். அதன்பின் எங்கள் ஊர் ஆட்களுக்குப் பெங்களூர் ரயில்தான் பிழைப்பு. நானும் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, ஆறு வருடம் தினமும் போய்வந்தேன். நாவலின் முதல் பாதி அந்த ரயிலில் எழுதியது. மாரிக்குப்பத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏறும். பங்காரப்பேட்டை வந்துவிட்டால் கையை அசைக்க முடியாது. அதற்குள் ஒரு பக்கம், ரெண்டு பக்கம்.

மைன்ஸ் மூடிய வருடத்தில் சயனைடு மேட்டில் ஒரு பிணம் கிடக்கிறது, அதுதான் கதை. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் எங்கள் ஊரில் மலை மலையாக நிற்கிறது. அதைத்தான் சயனைடு மேடு என்போம். சயனைடுக்குக் கசப்பு பாதாம் வாசனை உண்டு, ஆனால் எல்லோருடைய மூக்குக்கும் அது எட்டாது, அது பிறவியிலேயே அமைவது. முடிச்சை இதன் மேல்தான் போட்டிருந்தேன். அந்த வாசனை தெரிந்தவன் ஒருவன், தெரியாதவன் ஒருவன். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்தேன். எழுதி முடிக்க ஒன்பது வருடம் ஆனது.

மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில் ஒரு வருடம் கழித்து, குற்றக்கதை நாங்கள் போடுவதில்லை என்றார்கள். மரியாதையாகச் சொன்னார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சோர்வில் இருந்தபோதுதான் போனில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன்.

இரண்டே நாளில் அந்த நிறுவனத்துப் பையன் ஒருவன் போன் செய்தான். "அக்கா, உங்க அப்பா சுரங்கக் கூண்டுல இறங்குற இடத்தைப் படிச்சிட்டு ராத்திரி தூங்கலக்கா" என்றான். ஒன்பது வருடத்தில் என் எழுத்தைப் படித்துவிட்டு இப்படி ஒரு வார்த்தை சொன்ன முதல் ஆள். அது நான் அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் அவன் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

பெங்களூருக்கே வந்தான். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் தமிழ்ச் சங்கத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டும், அப்படியே உங்களையும் பார்க்கிறேன் என்றான். பக்கத்து டிபன் ஓட்டலில் உட்கார்ந்தோம். ஸ்பைரல் போட்ட பிரதியை எடுத்து மேஜையில் வைத்தேன். அவன் எழுந்து போய் வாஷ்பேசினில் கை கழுவி, கைக்குட்டையில் ஈரத்தை ஒற்றிவிட்டு வந்தான். இரண்டு கையாலும் பிரதியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இது சரஸ்வதி, அக்கா" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பில்லை அவனே கொடுத்தான். அன்று சாயங்காலமே 25,000 அனுப்பினேன். ஒப்பந்தத்தைப் பிறகு மெயிலில் அனுப்புகிறேன் என்றபோது, சரி தம்பி என்றேன்.

அந்தச் சரி தம்பிக்கு நான் கொடுத்த விலை 87,500 ரூபாய். ஜூனில் 25,000. ஆகஸ்ட்டில் 37,500, அது சீட்டு எடுத்த பணம். டிசம்பரில் 25,000, அதற்கு வளையலை அடகு வைத்தேன். மகளின் காலேஜ் பீஸுக்கு ஒதுக்கியிருந்த சீட்டு அது.

ஆகஸ்ட் பணத்தில், ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி அடையாளமாகக் கொடுக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 6,000, காப்புரிமைப் பதிவுக்கு 10,000 என்று தனியாகப் போட்டிருந்தார்கள். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். இலவசம். தில்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைதான் கொடுக்கிறது. எழுதினவரே அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், ஒரு பைசா கிடையாது. இலக்கியப் படைப்புக்குக் காப்புரிமைப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். பதிவே செய்யாவிட்டாலும் எழுதிய நிமிடத்திலிருந்து உரிமை நம்முடையதுதான். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் தெரிந்துகொண்டது. பணம் கட்டுவதற்கு முன்னால் பத்து நிமிடம் தேடியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

டிசம்பர் பணம் சென்னைப் புத்தகக் காட்சிக்காம். நந்தனத்தில் ஸ்டால் போடுகிறோம், உங்கள் அட்டையை ஆளுயரப் பேனராக வைக்கிறோம், நீங்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றான். ஜனவரியில் ரெண்டு நாள் லீவு போட்டு லால்பாக் எக்ஸ்பிரஸில் போனேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் தாங்கவில்லை. அவன் கொடுத்த ஸ்டால் எண்ணில் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. எழுபத்திரண்டு வயது அம்மா அந்த ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துத் தூசியில் வரிசை வரிசையாக என்னோடு நடந்தாள். "எங்கேடி உன் புக்கு" என்று ரெண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை.

மறுநாள் மெசேஜ் வந்தது, "சாரிக்கா, கடைசி நேரத்துல ஸ்டால் கேன்சல்." அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். டிசைனருக்குக் காய்ச்சல். பேப்பர் விலை ஏறிவிட்டது. சிவகாசியில் பைண்டிங் ஆள் வரவில்லை. அக்கா மீட்டிங்கில் இருக்கேன், அஞ்சு நிமிஷத்தில் கூப்பிடுறேன். அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு வரவே இல்லை. பிறகு வேறொரு பெண் பேச ஆரம்பித்தாள். "மேடம், உங்க கம்ப்ளைன்ட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கோம், ஏழு வேலை நாள்" என்பாள். ஏழு நாள் கழித்துக் கேட்டால் புதிதாக இன்னொரு டிக்கெட். அக்கா என்று கூப்பிட்ட இடத்திலேயே மேடம் ஆகிவிட்டேன்.

சனிக்கிழமை பெட்டி வந்தது. பேசியது 300 பிரதி. உள்ளே இருந்தது 25.

முன்னட்டை நன்றாகத்தான் இருந்தது, வாட்ஸ்அப்பில் எனக்குக் காட்டியது அது மட்டும்தான். புத்தகத்தைத் திருப்பினேன். பின்னட்டையில் எட்டு வரிக் கதைச் சுருக்கம். ஆறாவது வரியில் கொலைகாரன் யார் என்று பெயரோடு போட்டிருக்கிறார்கள். ஏன் செய்தான் என்ற காரணமும் இருக்கிறது. ஒன்பது வருடம் நான் கட்டிக் காத்து 271-ஆம் பக்கத்தில் அவிழ்த்த முடிச்சு. கடையில் புத்தகத்தை எடுக்கிறவர் முதலில் பார்ப்பது பின்னட்டையைத்தானே? அந்தப் பெயரை இங்கேயும் நான் சொல்லப்போவதில்லை.

நின்றவாக்கில் உள்ளே புரட்டினேன். எழுத்துரு மாற்றும்போது யாரும் சரிபார்க்கவில்லை. ஒகர எழுத்தெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. கொம்பு ஒரு வரியின் கடைசியில், மிச்ச எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில். 'கொலை' என்ற சொல் முதல் அத்தியாயத்தில் பதினோரு இடத்தில் வருகிறது, பதினொன்றும் உடைந்திருக்கிறது. 160-ஆம் பக்கத்துக்கு அடுத்து மறுபடியும் 145. பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு ஃபாரத்தை இரண்டு தடவை கட்டியிருக்கிறார்கள், 161 முதல் 176 வரை காணோம். பிரேதப் பரிசோதனை நடப்பது அந்தப் பதினாறு பக்கத்தில்தான். மெய்ப்பு பார்ப்பதற்கென்று தனியாக 12,000 வாங்கினார்கள்.

6,000 ரூபாய் ஐ.எஸ்.பி.என்.னைத் தேடிப் பார்த்தேன். ஒரு சமையல் புத்தகம் வருகிறது.

அந்தப் பெண்ணைப் பிடித்தேன். "அட்டையை நீங்கதானே மேடம் ஓகே பண்ணீங்க" என்றாள். பின்னட்டையை நீங்கள் காட்டவே இல்லையே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சஸ்பென்ஸ் கொஞ்சம் தெரிஞ்சாத்தான் மேடம் ஜனங்க வாங்குவாங்க" என்றாள். அட்டை மாற்றி மறுபடி அடிக்க இன்னும் 18,000 ஆகுமாம், இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் தள்ளுபடி உண்டாம். 87,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தில் ரீஃபண்ட் கிடையாது என்றாள். அந்தத் தம்பியின் நம்பருக்கு அடித்தேன், என்னை பிளாக் செய்திருக்கிறான்.

மூன்றாவது தவணை கட்டிய பிறகுதான் அந்த ஒப்பந்தமே மெயிலில் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்கள், போடாமல் வைத்திருந்தேன். நேற்று வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். சினிமா, வெப் சீரிஸ், மொழிபெயர்ப்பு எல்லா உரிமையும் பத்து வருடத்துக்கு அவர்களுக்கு என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. காப்புரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், நம் கையெழுத்தோடு இருக்க வேண்டும், 1957 சட்டம் அப்படித்தான் சொல்கிறது, நீங்கள் போடாததால் தப்பித்தீர்கள் அம்மா என்றார். கதையாவது என் கையில் இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அவசரத்துக்குச் சிலது. கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்ந்த முழு ஃபைலைப் பாருங்கள். அச்சடித்துக் கட்டிய ஒரு பிரதி கைக்கு வந்து, பக்க எண்ணை ஒவ்வொன்றாக எண்ணிய பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். ஐ.எஸ்.பி.என்.னுக்குக் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கிண்டிலில் மின்நூலை நாமே போடலாம், அதற்கும் கட்டணம் இல்லை. அவர்கள் போட்ட பழைய புத்தகம் ஒன்றின் ஆசிரியரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், நான் பேசவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் நேற்றே பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த ஸ்டால் எண் மெசேஜ் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வீக்லி ஆஃப், அன்றைக்குப் போகிறேன்.

அதே மாதிரி கை கழுவிவிட்டு வந்து உங்கள் பிரதியையும் கண்ணில் ஒற்றிக்கொண்டவன் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த மாதம் என்று மட்டும் எழுதுங்கள், சேர்ந்து போகலாம். பெட்டியில் இருக்கும் 25 பிரதியை யாரும் விலைக்குக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன். ஒன்றே ஒன்றை எடுத்து, பின்னட்டையில் வெள்ளைத் தாள் ஒட்டி, அப்பா படத்துக்கு முன்னால் வைக்க அம்மாவிடம் கொடுத்தேன்.