சன்டான்ஸ் சொய்சியா: லண்டன் முன்வளவில் 2019 இலிருந்து

நேரே சொல்லிவிடுகிறேன். பொன்னிலைப் புதர்ச்செடியான சன்டான்ஸ் சொய்சியாவை இலைக்காக வாங்குங்கள், பூவுக்காக வாங்காதீர்கள். 2019 வசந்தத்தில் ஹரோவில் உள்ள எங்கள் வீட்டு முன்வளவில் நட்டேன். அன்றிலிருந்து இந்தச் செடியை ஏன் வைத்தோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் கடையில் அதன் கழுத்தில் தொங்கிய அட்டையில் செடி முழுக்க வெள்ளைப் பூவாகத்தான் இருந்தது. நிஜத்தில் நல்ல வருடத்தில்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கொத்துகள்தான். சில வருடங்களில் அதுவும் இல்லை.

சொய்சியா டெர்னாட்டாவின் பூர்வீகம் மெக்சிகோ. இங்கே ‘மெக்சிகன் ஆரஞ்சு பிளாசம்’ என்று விற்பார்கள். தோடை காய்க்காது, ஆனால் தோடையும் தேசியும் சேர்ந்த ரூட்டேசி குடும்பம்தான். நம் கறிவேப்பிலையும் வில்வமும்கூட அதே குடும்பம். ஒரு காம்பில் மூன்று இலை நிற்பதைப் பார்த்தால் வில்வத்தோடு பழகிய கண் சட்டென்று உறவைப் பிடித்துவிடும். மூலச்செடியின் இலை கரும்பச்சை, மினுமினுப்பு. சன்டான்ஸ் அதன் பொன்னிலை ரகம். இரண்டுக்கும் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டியின் (ஆர்எச்எஸ்) கார்டன் மெரிட் விருது இருக்கிறது.

லண்டனில் இருக்கும் நம்மவர் வீடுகளில் கறிவேப்பிலைச் சாடி ஜன்னலோரம் குளிருக்குப் பயந்து ஒதுங்கி நிற்கும். மல்லிகையும் அப்படித்தான், ஒக்டோபர் வந்தால் உள்ளே தூக்க வேண்டும். வருடம் முழுக்க வெளியிலேயே நிற்கக்கூடிய, கைபட்டால் மணக்கிற ஒன்று வேண்டும் என்றுதான் தேடினேன். அந்த ஒரு விஷயத்தில் இது முழு மார்க் வாங்கிவிட்டது. ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒளிரும். எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. பொன்னிலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். கசக்கினால் மணம் கூர்மையாக அடிக்கும். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது மணந்து பார்த்துவிட்டு, “தேசி இலையும் துளசியும் சேர்ந்த மாதிரிக் கிடக்கு பிள்ளை, ரசத்துக்குப் போடலாமோ?” என்று கேட்டார். போடக்கூடாது மாமி, இது வாசலுக்கு மட்டும்தான் என்றேன். வீட்டுக்காரருக்கு இந்த மணம் பிடிக்காது, பூனை வந்து போன இடம் மாதிரி இருக்கிறதாம். அவரைப் போல் சொல்பவர்கள் வேறு சிலரையும் கண்டிருக்கிறேன். ஆகவே வாங்கும் முன் கடையிலேயே ஒரு இலையைக் கசக்கி மணந்து பார்த்துவிடுங்கள்.

சரி, பொன்நிறத்துக்கு வருவோம். இந்தச் செடியில் எல்லாமே வெளிச்சக் கணக்குத்தான். இலையில் பச்சையம் குறைவு, அதனால்தான் மஞ்சள். வெயில் நன்றாக விழுகிற நுனி இலைகள் பொன்னாக நிற்கும், உள்ளே நிழலில் இருக்கும் இலைகள் இளம்பச்சைக்குப் போய்விடும். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது, கோடையில் மதியத்துக்குப் பிறகுதான் வெயில் வரும். அதனால் ஒரே செடியில் தெருப்பக்கம் தங்கம், சுவர்ப்பக்கம் பச்சை. எனக்கு அந்தக் கலவைதான் பிடிக்கும். சீராகப் பொன்னாக வேண்டும் என்பவர்கள் இன்னும் திறந்த இடமாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் பச்சையம் குறைந்த இலைக்குக் கடும் வெயிலைத் தாங்கும் சக்தியும் குறைவு. 2022 ஜூலை 19 அன்று பிரித்தானியாவில் முதல்முறையாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது நினைவிருக்கும். அன்று மாலை என் செடியின் மேற்குப் பக்கத்து இலைகள் ஓரம் வெளுத்து, இரண்டொரு நாளில் கடதாசிபோல் மொறுமொறுத்துவிட்டன. அடுத்த மாதம் லண்டனில், குழாயால் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கக்கூடாது என்ற ஹோஸ்பைப் தடையும் வந்தது. அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்து வேரடியில் ஊற்றினேன். செடி சாகவில்லை. வேர் பிடித்த சொய்சியா வறட்சியை ஓரளவு தாங்கும். முதல் இரண்டு கோடைக்கும் நன்றாகத் தண்ணீர் விட்டு வளர்த்திருந்தால்தான் அந்தத் தைரியம் வரும்.

அதே வருடம் டிசம்பரில் மறுமுனைச் சோதனை. பனி கொட்டி, நாட்கணக்காகக் கடும் உறைகுளிர். ஆர்எச்எஸ் இதற்குக் கொடுத்திருக்கும் தரம் எச்4, அதாவது கழித்தல் 5 முதல் கழித்தல் 10 பாகை வரை தாங்கும் என்று கணக்கு. தாங்கியது உண்மை. ஆனால் நுனித் தளிரெல்லாம் வாடித் தொங்கி, பழுப்பாகி, ஜனவரி முழுக்கப் பார்க்கவே பரிதாபமாக நின்றது. அவசரப்பட்டுக் குளிருக்குள்ளேயே வெட்டாதீர்கள். வெட்டினால் கீழிருந்து புதுத் தளிர் கிளம்பி, அதையும் அடுத்த உறைபனி கருக்கிவிடும். நான் ஏப்ரல்வரை விட்டேன். பிறகு நகத்தால் தண்டை இலேசாகச் சுரண்டிப் பார்த்து, பச்சை தெரிகிற இடம்வரை இறங்கி வெட்டினேன். மே மாதக் கடைசியில் வந்த புது இலைகளின் மஞ்சள், நட்ட முதல் வருடத்தில்கூட அப்படி இருந்ததில்லை.

குளிரைவிட மோசமானது குளிர்காற்று. வீட்டு மூலையில் காற்று சுழன்று அடிக்கும் பக்கம் இலை அடிக்கடி கருகும். சுவரோ வேலியோ ஒரு பக்கம் மறைத்தால் நல்லது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடமேற்கு லண்டனில் பெரும்பாலும் களிமண், கோடையில் வெடிக்கும், மாரியில் சேறாகும். சொய்சியாவுக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. குழியில் மட்டும் நல்ல மண்ணைப் போட்டால் அந்தக் குழியே மாரியில் கிணறாகிவிடும். எனவே பாத்தி முழுக்கக் கிறிட்டும் (பருமணல்) கொம்போஸ்டும் கலந்து, சுற்றுமட்டத்தைவிடக் கொஞ்சம் மேடாக்கி நட்டேன். வசந்தத்தில் கொஞ்சம் உரம், மேலே மரச்சீவல் ஒரு படை. அவ்வளவுதான். இன்னொன்று, மஞ்சள் இலைச் செடியில் சத்துக்குறைவு கண்ணுக்குப் பிடிபடாது. மற்றச் செடியென்றால் இலை மஞ்சளானதும் உரம் போட ஓடுவோம். இதில் வளர்ச்சி நின்றுவிட்டதா, இலை சிறுத்துவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பூச்சித்தொல்லை எனக்குப் பெரிதாக இல்லை, நத்தை மட்டும் விதிவிலக்கு. மழை விட்ட இரவில் டோர்ச் பிடித்துப் பார்த்தால் இளம் இலைகளின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பொறுக்கி அப்பால் போடுகிறேன். செடி வளர்ந்தபின் அந்தச் சேதம் ஒரு பொருட்டில்லை.

பூவை அடியோடு குறை சொல்லவும் முடியாது. மே மாதத்தில் வெள்ளை நட்சத்திரமாகச் சின்னக் கொத்துகள் வரும்போது, கதவைத் திறந்தாலே தோடம்பூ மணம் வீட்டுக்குள் வந்துவிடும். தேனீயும் தேடி வரும். பொன்னிலை ரகத்துக்குப் பச்சைச் செடியளவுக்குப் பூக்கும் வலு இல்லை, அவ்வளவுதான். முதல் பூ முடிந்ததும் பூத்த கிளைகளை ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டால் இலையுதிர்காலத்தில் இன்னொரு தடவை பூக்கும் வாய்ப்பு உண்டு. எனக்கு சில வருடங்களில் அது பலித்திருக்கிறது.

பூவின் மணம்தான் முக்கியம் என்றால் பச்சை இலையுள்ள டெர்னாட்டாவையோ, ‘ஆஸ்டெக் பேர்ள்’ ரகத்தையோ வாங்குங்கள். பின்னது டெர்னாட்டாவும் அரிசோனிக்கா என்ற இன்னொரு சொய்சியாவும் சேர்ந்த கலப்பு. இலை ஒல்லி, மொட்டில் இளஞ்சிவப்பு ஓடும், பூ தாராளம். பக்கத்து வீட்டில் ஒன்று நிற்கிறது. மே மாதத்தில் அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் டிசம்பர் நான்கு மணி இருட்டில் தெருவிளக்கு வந்ததும் எங்கள் வாசல்தான் தெரியும், அவர்களுடையது கரும்பச்சையில் கரைந்துவிடும். பார்சல் கொண்டுவரும் தம்பிமார் “மஞ்சள் செடிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்” என்று குறிப்பு எழுதிவிட்டுப் போவது எங்களுக்குப் பழகிவிட்டது.

உயரம் இப்போது என் மார்பளவு. விட்டால் ஒன்றரை மீற்றரையும் தாண்டும், அகலமும் அதேயளவு வரும். மூன்று லீட்டர் சாடியில் கன்றாக நிற்கும்போது அந்த அகலம் புரியாது. நடைபாதையிலிருந்து குறைந்தது ஒரு மீற்றராவது தள்ளி நடுங்கள், அல்லது வருடா வருடம் கத்தரிக்கோலோடு நிற்க வேண்டும்.

இன்னொரு செடி வேண்டுமென்றால் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஜூலை, ஓகஸ்டில் அந்த வருடத்துத் தண்டாக, அடி கொஞ்சம் முற்றி நுனி இளசாக இருப்பதை விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, கிறிட் கலந்த கொம்போஸ்டில் சாடி ஓரமாகக் குத்தி, பொலித்தீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர் விடும். முதல் மாரிக்கு மட்டும் உறைபனி படாத இடத்தில் வைத்திருந்து, அடுத்த வசந்தத்தில் வெளியே நடலாம். நான் குத்துகிறபோது நாலைந்தாகச் சேர்த்துக் குத்துவேன். ஒன்றிரண்டு கறுத்துப் போகும், மிச்சத்தைக் கேட்டு வாங்க ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள்.