காட்டுக் கடலையிலிருந்து நம் கடலைக்கு: ஆறுமடி வழியா, நான்மடி வழியா?

நிலக்கடலைக்கு 40 குரோமோசோம்கள். அதன் காட்டு உறவுகளில் பெரும்பாலானவற்றுக்கு 20தான். பத்து குரோமோசோம்களை ஒரு மடி என்று எண்ணினால் கடலை நான்மடி, காட்டு உறவுகள் இருமடி. டிக்கா இலைப்புள்ளியும் துரு நோயும் கடலைக் கொல்லைகளை இத்தனை காலம் ஆட்டிவைத்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய தென் பொலிவியா, வடமேற்கு அர்ஜென்டினா பக்கம், அராக்கிஸ் டுரானென்சிஸ், அராக்கிஸ் இபாயென்சிஸ் என்ற இரண்டு காட்டுச் செடிகள் கலந்தன. பிறந்த செடியின் குரோமோசோம்கள் இரட்டித்து 40 ஆயின. அத்தோடு சொந்தபந்தம் அறுந்தது. 20 குரோமோசோம் உறவுகளோடு கலந்தால் பிறப்பது 30 குரோமோசோம் உள்ள மலட்டுச் செடி. போதாததற்குக் கடலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதனால் உலகத்துக் கடலை ரகங்களின் மரபணு வேறுபாடு மிகக் குறுகலானது. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 நம் மக்களுக்குச் சோறு போட்ட ரகம். ஆனால் இந்த இரண்டு நோய்களுக்கும் சுலபமாக விழும். எதிர்ப்புத்திறனோ காட்டில் நிறைய இருக்கிறது. அதை எந்த வழியில் கொண்டுவருவது?

முதல் வழி ஆறுமடி வழி. பயிர்க் கடலையையும் காட்டுச் செடியையும் நேரடியாகக் கலப்பார்கள். பிறக்கும் மலட்டுச் செடிக்குக் குரோமோசோம்களை இரட்டிக்க வைக்கும் கொல்கிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் 30, 60 ஆகி (அதாவது ஆறு மடி), செடி காய்க்கத் தொடங்கும். (இந்தக் கொல்கிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் உண்டு. மூலனூர்ப் பக்கம் அதற்காகவே அதைப் பயிரிடுகிறார்கள்.) அப்புறம் 60லிருந்து 40க்கு இறங்கும்வரை தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வேண்டும். எந்தக் குரோமோசோம் உதிரும், எந்தத் துண்டு தங்கும் என்பது நம் கையில் இல்லை.

ஆனாலும் இதன் பலன் சாதாரணமானதல்ல. 1960களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் அராக்கிஸ் கார்டெனாசி என்ற பொலிவியச் செடியை இப்படித்தான் சேர்த்தார்கள். அதன் வழித்தோன்றல்கள் பல நாடுகளுக்குப் போயின. தார்வாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜி.பி.பி.டி. 4 ரகம் துருவையும் டிக்காவின் ஒரு வகையான பின்பருவ இலைப்புள்ளியையும் தாங்குவது இந்தக் கார்டெனாசி ரத்தத்தால்தான். அங்கிருந்து துரு எதிர்ப்பை மரபணுக் குறியீடுகளின் (வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளங்களின்) துணையோடு ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24 போன்ற ரகங்களுக்கும் மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டாவது நான்மடி வழி. இதில் இயற்கை ஒருமுறை செய்ததையே மறுபடி செய்கிறோம். முதலில் இரண்டு காட்டுச் செடிகளைக் கலந்து இரட்டிக்க வேண்டும்; 20, 40 ஆகிவிடும். இந்தச் செயற்கை நான்மடி பயிர்க் கடலையோடு சமமாக நின்று கலக்கும். டெக்சாஸில் மூன்று காட்டு இனங்களைச் சேர்த்து உருவாக்கிய டி.எக்ஸ்.ஏ.ஜி. 6 இந்த வகை. அதிலிருந்து 1999இல் கோவன் ரகம் வந்தது. வேரில் முடிச்சு விழச் செய்யும் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கிய முதல் கடலை ரகம் அது. அந்த எதிர்ப்பைக் கொடுத்ததும் கார்டெனாசியே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கொடை தந்த இனம் ஒன்று, வந்த வழிகள் இரண்டு.

சரி, எது மேல்? ஒரே ஒரு நோய்க்கு எதிர்ப்பு வேண்டும், அதுவும் கார்டெனாசியிடம் இருக்கிறது என்றால், ஆறுமடி வழியில் ஏற்கனவே வந்து நிற்கும் ரகங்களை எடுத்துப் பின்கலப்பு செய்வதே, அதாவது நமக்கு வேண்டிய ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பதே புத்திசாலித்தனம். புதிதாக ஒரு காட்டு இனத்தைத் தொடுகிறோம் என்றால் நான் நான்மடிப் பக்கம்தான் நிற்பேன். பயிர்க் கடலையின் குரோமோசோம்களில் ஏ, பி என்று இரண்டு பாதிகள் உண்டு: ஏ டுரானென்சிஸ் வழி வந்தது, பி இபாயென்சிஸ் வழி வந்தது. கார்டெனாசி ஏ வகை; ஆறுமடி வழியில் அது பெரும்பாலும் ஏ பாதியோடுதான் துண்டு மாற்றிக்கொள்ளும், பி பாதி பழைய வறுமையிலேயே கிடக்கும். இபாயென்சிஸையும் டுரானென்சிஸையும் மறுபடி சேர்த்து உருவாக்கிய நான்மடியில் இரண்டு பாதிகளுமே புதுசு. செனகலின் ஃபிளர் 11 ரகத்தில் அப்படிப்பட்ட நான்மடியின் குரோமோசோம் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, எந்தத் துண்டு என்ன செய்கிறது என்று பார்க்க முடிந்தது. இந்தத் தெளிவு ஆறுமடி வழியில் சுலபத்தில் கிடைக்காது.

இரண்டு வழியிலும் வரும் தொல்லை ஒன்று உண்டு: நல்ல மரபணுவை ஒட்டிக்கொண்டு கெட்டதும் வரும். கோவன் ரகத்தில் நூற்புழு இல்லாத நிலத்தில் விளைச்சல் குறைந்தது. அதனால் மேலும் பின்கலப்பு செய்து நெமாட்டாம் ரகத்தை எடுத்தார்கள். காட்டுக் கடலையின் காய் சிறுத்தது. இரண்டு விதைகளுக்கும் நடுவே நூல்போல நீண்ட இணைப்பு இருக்கும். அந்தக் குணத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், செடியைப் பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்.