19,500 டாலருக்கு நான் வாங்கிய ‘ஜி.டி.ஓ.’

ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்க வேண்டிய பழைய மசில் காரை, அதாவது பெரிய எஞ்சின் வைத்த அந்தக்கால அமெரிக்க வேகக் காரை, எப்படி விலை மதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் போகிறது, பார்ப்போம். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 19,500 டாலர்.

டெட்ராய்ட்டுக்கு வெளியே குடியிருக்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போவதைப் பார்க்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அங்கே மனத்தைப் பறிகொடுத்தது 1969ஆம் ஆண்டு பான்டியாக் ஜி.டி.ஓ.விடம். முன்பக்கம் குரோம் பம்பர் கிடையாது. எண்டுரா என்ற ரப்பர் போன்ற பொருளில், வண்டியின் நிறத்திலேயே மூக்கு. அதே வுட்வர்ட் சாலை போய்ச் சேரும் பான்டியாக் நகரத்தின் பெயர்தான் அந்தக் கம்பெனிக்கும். கம்பெனி 2010இல் மூடப்பட்டுவிட்டது. ஆசை மட்டும் மூடப்படவில்லை.

ஒரு வாங்கல்–விற்றல் தளத்தில் விளம்பரம் பார்த்தேன். “1969 ஜி.டி.ஓ., 400 கன அங்குல எஞ்சின், ஓடாது, புதுப்பிக்க ஏற்றது, 22,000 டாலர்.” விற்றது ஒஹாயோவில் பழைய கார் வியாபாரம் செய்யும் ஒரு கடை.

நான் பொறியாளன். கணக்குப் போடாமல் போவேனா? முழுதாகச் சீர்செய்த ஜி.டி.ஓ. என்ன விலைக்குப் போகும், அதிலிருந்து டிங்கரிங், பெயின்ட், எஞ்சின் வேலை, சீட், குரோம், எதிர்பாராத செலவு எல்லாம் கழித்தால் மிச்சம் எவ்வளவு, அதற்குமேல் ஒரு டாலர் தரக்கூடாது. முறை சரியான முறைதான், இப்போதும் சொல்கிறேன். ஆனால் தாளின் முதல் வரியில் ‘ஜி.டி.ஓ.’ என்று எழுதிவிட்டு, அதன் கீழே இரண்டு பக்கம் கூட்டிக் கழித்திருக்கிறேன். அந்த முதல் வரியைச் சரிபார்க்கவே இல்லை.

நேரில் போனேன். கடைக்காரர் அறுபது வயதுக்காரர், சாந்தமான பேச்சு. “துருவை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறதா?” (பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது) என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீங்களே பாருங்கள், என்னை நம்ப வேண்டாம்” என்றார். கதவில் வைத்தேன், டக்கென்று ஒட்டியது. பானட்டில் ஒட்டியது. அந்த நொடியில் விழுந்தவன்தான். என்னை நம்பாதே என்று சொல்கிறவரை எப்படி நம்பாமல் இருப்பது? பின்சக்கரத்தைச் சுற்றியும், பின்கண்ணாடியின் அடியிலும் அந்தக் காந்தம் போகவே இல்லை என்பது இப்போது ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் நினைவுக்கு வருகிறது. பேரம் பேசி 19,500க்கு முடித்தபோது நான்தான் கெட்டிக்காரன் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

மனைவி போனில் சொன்னாள்: “விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டிவிட்டுப் பணம் கொடுங்களேன்.” இன்னொருவர் வாங்க வருகிறார் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பணத்தை அனுப்பிவிட்டேன்.

வண்டி வந்த மறுநாள், பான்டியாக் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பக்கத்துத் தெருப் பெரியவர் எட்டிப் பார்த்தார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. முன்கண்ணாடி வழியாக டாஷ்போர்டில் இருக்கும் வண்டியின் அடையாள எண்ணைப் படித்தார். “இது லெமான்ஸ்” என்றார். அதே பான்டியாக்கின் விலை குறைந்த இன்னொரு மாடல். 23737 என்று தொடங்குகிறது. ஜி.டி.ஓ.வாக இருந்தால் 24237 என்று தொடங்க வேண்டுமாம். 1964, 65இல் ஜி.டி.ஓ. என்பது லெமான்ஸுக்கான கூடுதல் வசதி மட்டும். 1966 முதல் 1971 வரை தனி மாடல், எண்ணிலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணைக் காப்பீட்டுப் படிவத்தில் என் கையால் எழுதியவன் நான்!

மூக்கு ஏதோ ஒரு ஜி.டி.ஓ.விலிருந்து கழற்றி மாட்டியது. எஞ்சின் 350. பான்டியாக்கின் 350ம் 400ம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அச்சு. முன்பக்கம் வலது ஓரத்தில் குத்தியிருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டைப் பார்த்தால் பிரித்தறியலாம். கூரைமேல் ஒட்டிய வினைல் உறைக்கு அடியில் தண்ணீர் தங்கி, பின்கண்ணாடி ஓரமெல்லாம் துரு. திருப்புளி உள்ளே இறங்கியது. டிக்கியில் தரை என்று நான் நினைத்தது தார் பூசிய புதுத் தகரம். இந்த நிலையில் ஏழாயிரம், எட்டாயிரம் கிடைத்தால் பெரிது என்கிறார் பெரியவர். நான் கொடுத்தது 19,500. ஒஹாயோவிலிருந்து லாரியில் ஏற்றிவந்த 600 டாலர் தனி.

கடைக்கு அழைத்தேன். முதல் நாள், “பார்த்துச் சொல்கிறேன்.” இரண்டாம் நாள், “பில்லில் ஜி.டி.ஓ. என்று எங்கே இருக்கிறது?” எடுத்துப் பார்த்தேன். ‘1969 பான்டியாக், இரண்டு கதவு, உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை.’ கையெழுத்து என்னுடையது. விளம்பரத்தைக் காட்டலாம் என்றால் அது தளத்திலிருந்து மறைந்துவிட்டது. நானும் படம் எடுத்து வைக்கவில்லை. தளத்துக்கு எழுதினேன், “நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பவர்கள் மட்டுமே” என்று ஒரு பதில், “உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?” என்று இன்னொன்று.

விலை மதிப்பதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன் இல்லையா? பொறுமை இல்லை. எண்ணைப் பாருங்கள். பணத்தை எடுக்கும் முன்பே அந்த எண்ணை பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு அனுப்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு தொழிற்சாலை ஆவண நகல் தருகிறார்கள். காந்தம் உங்கள் பையிலிருந்து வரட்டும். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். மாடல் பெயர் பில்லில் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்று ஐந்தாவது முறையாகக் கடைக்கு அழைத்தேன். மேலாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறாராம். அப்போது காலை மணி பத்து.