முதுகெலும்பு ஸ்க்ரூ ஆபரேஷனில் சி-ஆர்மும் நேவிகேஷனும்: படம் எடுப்பவன் பக்கத்திலிருந்து

பலா சீசன் வந்தால் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்முக்கு, அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் 'C' வடிவ மிஷினுக்கு, ஓய்வு கிடையாது. பண்ருட்டிப் பக்கம் மரத்திலிருந்து விழுந்தவர்கள், ஈ.சி.ஆரில் பைக்கோடு சாய்ந்தவர்கள் என்று முதுகெலும்பு உடைந்து புதுச்சேரிக்கு வருவார்கள். அவர்களுக்கு ஸ்க்ரூ போடும்போது படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பல வருஷம் வெறும் சி-ஆர்ம், அப்புறம் ஓ-ஆர்மும் (உடம்பைச் சுற்றி முப்பரிமாணப் படம் எடுக்கும் மிஷின்) நேவிகேஷனும் (கருவி எலும்பில் எங்கே இருக்கிறது என்று கேமரா மூலம் கணக்கிட்டு அந்தப் படத்தின் மேல் திரையில் காட்டும் அமைப்பு).

ஸ்க்ரூ இறங்கும் பெடிக்கிள் குறுகலான எலும்பு. இடுப்புப் பகுதியில் கொஞ்சம் தாராளம், நடு முதுகில் சில மில்லிமீட்டர்தான். பக்கத்திலேயே தண்டுவடம். அதனால் டாக்டர் "ஷாட்", "இன்னொரு ஷாட்" என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர்தான் பெரும்பாலும் நமக்கு வருவது. அது கதிரை உமிழும் டியூப் இருக்கும் பக்கத்தில் அதிகம். நேர்ப் படத்துக்கு டியூபை மேஜைக்கு அடியில் வைத்தால் சிதறல் பெரும்பாலும் நம் கால் பக்கம் போய்விடும். பக்கவாட்டுப் படம்தான் வில்லங்கம். உடம்பின் அகலம் முழுக்கக் கதிர் ஊடுருவ வேண்டும், மிஷின் தானாகவே டோஸை, அதாவது கதிரின் அளவை, ஏற்றிக்கொள்ளும். டியூபை எதிர்ப்பக்கம் வைத்து டாக்டரைக் காப்பாற்றினால் அங்கே அசிஸ்டன்ட் நிற்பார். "சார், ரெண்டு எட்டு பின்னால வாங்க" என்று சொல்லி, அவர் நகர்ந்த பிறகுதான் பெடலை மிதிப்பேன். ஒரு மீட்டர் தூரம் இரண்டு மீட்டரானால் டோஸ் ஏறக்குறைய கால்வாசிதான். காசு செலவில்லாத பாதுகாப்பு இது ஒன்றுதான், அதற்குத்தான் அதிகம் சலித்துக்கொள்வார்கள்.

ஓ-ஆர்ம் வந்த பிறகு எங்கள் பாடு சுலபம். ஒரு சுற்று எடுக்கும் நேரம் எல்லோரும் வெளியே போய்விடுவோம். அப்புறம் திரையைப் பார்த்தே ஸ்க்ரூ போகும். ஆனால் நோயாளி வெளியே வர முடியாதே! சி.டி. ஸ்கேன் மாதிரியான டோஸ் அவருக்குத்தான். எலும்பில் மாட்டியிருக்கும் ரெஃபரன்ஸ் ஃப்ரேமில் (நேவிகேஷன் கேமரா இடத்தைக் கணக்கிட வைத்திருக்கும் அடையாளச் சட்டம்) யாராவது கை இடித்தால் திரையில் தெரியும் இடம் வேறு, உண்மையான இடம் வேறு. மறுபடி ஒரு சுற்று. கேமராவுக்குக் குறுக்கே விளக்கோ தலையோ வந்தாலும் திரை நின்றுவிடும். முதுகு வளைந்த பிள்ளைகளுக்கும் நடு முதுகுக்கும் நேவிகேஷன் தேவைதான், என்றாலும் பிள்ளைகளுக்குச் சுற்றை எண்ணித்தான் எடுக்க வேண்டும். இடுப்பில் நாலு ஸ்க்ரூ போட, கை பழகிய டாக்டருக்கு சி-ஆர்மே போதும் என்பது என் அபிப்பிராயம்.

கதிரைத் தடுக்க நாங்கள் போடும் லெட் ஏப்ரனை (ஈய அங்கியை)ப் பற்றிக் கொஞ்சம். ஒரே அங்கியாக வருவதை ஒரு நாள் முழுக்கத் தோளில் சுமந்தால், நம் ஊர் புழுக்கத்தில் ராத்திரி கழுத்து திரும்பாது. மேல்சட்டையும் பாவாடையுமாக இரண்டாக வருவது இடுப்பில் பாரத்தை இறக்குகிறது, அதையே கேளுங்கள். மடித்துப் போட்டால் உள்ளே ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சி-ஆர்மிலேயே வைத்துப் பாருங்கள், விரிசல் கோடு கோடாகத் தெரியும்.

முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் டி.எல்.டி. பேட்ஜை (ஊழியர் மேல் படும் கதிரை அளக்க அணியும் பட்டை) பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து அனுப்பினால் ரிப்போர்ட் சுத்தமாக வரும், வராமல் என்ன! நம் நாட்டில் ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) ஊழியர்களுக்கு வைத்த வரம்பு ஐந்து வருஷச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (கதிர் அளவின் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜை நெஞ்சில், ஏப்ரனுக்கு உள்ளே மாட்டினால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம்.

கண்ணைக் காக்கும் ஈயக் கண்ணாடி வாங்குகிறவர்கள் பக்கவாட்டிலும் ஈயத் தடுப்பு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஷாட் எடுக்கும்போது டாக்டர் முகம் மானிட்டர் பக்கம் திரும்பியிருக்கும், சிதறல் கண்ணுக்கு ஓரமாகத்தான் நுழையும். மானிட்டரை அவருக்கு நேர் எதிரே நகர்த்தி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.