புது ரெட் டாட் சைட்டா பழசா என்றால், ஒரு தட்டலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்

போன வாரம்தான் என் பழைய ரெட் டாட், அதாவது ரைஃபிள் மேலே மாட்டி, கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை வைத்துக் குறி பார்க்கும் சைட், ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. அதே வாரம் நண்பர் ஒருவர் ஃபோன் பண்ணி, "அண்ணே, புது மாடல் வந்ததும் பழசு விலை நல்லா இறங்கிடுச்சு, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பழசை ஆறு வருஷமாகவும் புதுசை இரண்டு வருஷமாகவும் வைத்திருக்கிறேன், பழசு சர்வீஸில் கிடந்த ஏழு வாரமும் புதுசோடு மட்டுமே குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. அதனால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டும் ஒரே கம்பெனி. உருவம் கிட்டத்தட்ட ஒன்று, சைட்டை ரைஃபிளில் பொருத்தும் மவுண்ட்டின் திருகு துளைகளும் ஒன்று, பழைய மவுண்ட்டிலேயே புதுசு உட்கார்ந்துவிட்டது. என் உபயோகம் பெரும்பாலும் .22 ரைஃபிளில், 50 மீட்டரில், மணல் மூட்டை மேல் வைத்து நிதானமாகச் சுடுவது. எப்போதாவது 100. ஓடி ஆடிச் சுடுகிறவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

நியாயத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துவிடுவேன். புதுசின் கண்ணாடி அருமை. ரெட் டாட் எதுவானாலும், உள்ளே இருக்கும் எல்ஈடியின் சிவப்பை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பவும் மற்ற வெளிச்சத்தை அப்படியே விடவும் முன் கண்ணாடியில் ஒரு பூச்சு இருக்கும். சிவப்பைத் திருப்பிவிடுவதால் வெளிக்காட்சி கொஞ்சம் நீலமடித்துத் தெரியும். பழசில் அந்த நீலம் தாராளம், அதன் வழியாகப் பார்த்தால் எந்த நேரமும் மழை வரப்போவது போலவே இருக்கும். புதுசில் அது பெரும்பாலும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் அட்டையின் ஓரம் எங்கே முடிகிறது, பின்னாலிருக்கும் மண்மேடு எங்கே தொடங்குகிறது என்பது புதுசில் பளிச்சென்று தெரிகிறது, பழசில் குத்துமதிப்புதான்.

புள்ளியும் அப்படித்தான். பழசு 4 எம்ஓஏ, புதுசு 2 எம்ஓஏ. எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒன்று. 100 மீட்டரில் அது ஏறக்குறைய 2.9 செ.மீ., ஆகவே பழசின் புள்ளி அங்கே 11 செ.மீ.க்கு மேல் மறைக்கும், புதுசு அதில் பாதி. 50 மீட்டரில் கூட பழசின் புள்ளி நான் குறி வைக்கும் கறுப்பு வட்டத்தை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும், நடுவை யூகித்துத்தான் சுட வேண்டும். சரி, இவ்வளவு சொல்லியாயிற்று. இனி என் புலம்பல்.

புதுசு தானாகத் தூங்கிவிடும். சில நிமிஷம் அசையாமல் இருந்தால் புள்ளி அணையும், அசைந்தால் விழிக்கும், அதற்கு உள்ளே ஒரு சென்சார். பெட்டி மேலே இதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறவருக்கு இது வரமாகவே இருக்கலாம். நான் என்ன செய்வேன் என்றால், ஐந்து தோட்டா சுட்டுவிட்டு ரைஃபிளை மூட்டையிலேயே விட்டுவிட்டு, டெலஸ்கோப்பில் ஓட்டைகளைப் பார்த்து நோட்டில் குறிப்பேன், காற்றைப் பார்ப்பேன், டீயை ஒரு வாய் குடிப்பேன். திரும்ப வந்து, மூட்டையில் ஏற்கெனவே சரியாகப் படிந்திருக்கும் ரைஃபிள் நகர்ந்துவிடக் கூடாதே என்று பூப்போல கன்னத்தை வைத்துப் பார்த்தால், புள்ளி இல்லை. சுத்தமான கண்ணாடி, அதற்குப் பின்னால் அட்டை, நடுவில் ஒன்றுமில்லை. நான் மெதுவாகத் தொட்டது அதற்கு உறைக்கவில்லை. அதனால் முட்டியை மடக்கி சைட்டின் தலையில் இரண்டு தட்டு. எழுந்துவிடும், ஆனால் அந்தத் தட்டலில் ரைஃபிள் மூட்டையில் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும், மறுபடி முதலிலிருந்து படியவைக்க வேண்டும். ஒரு நாள் பக்கத்து மேசைக்காரர் காதிலிருந்த மஃப்பைத் தூக்கிவிட்டு, "என்னண்ணே, உள்ளே ஆள் இருக்கா?" என்று கேட்டார். சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிந்தது.

இதை அணைத்து வைக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு பட்டனையும் சேர்த்துச் சில விநாடி அமுக்கினால் தூக்கம் ரத்து. ஆனால் பேட்டரியைக் கழற்றிப் போட்டால் அதுவும் மறந்துபோய்ப் பழையபடி ஆகிவிடும். நானும் மறந்துபோவேன். இரண்டு பேரும் மறதிக்காரர்கள் என்றால் யார் யாரைத் திருத்துவது?

உண்மையில் என்னைக் கடுப்பேற்றுவது வேறு கணக்கு. இந்தத் தூக்கம் எதற்கு? பேட்டரி மிச்சம் பிடிக்க. சரி, எவ்வளவு மிச்சம்? வேறு கம்பெனியை உதாரணம் எடுப்போம், ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட். 1975-லிருந்து இதையே செய்துவருகிறவர்கள். அவர்களுடைய மைக்ரோ டி-1, நாணயம் போன்ற ஒரே ஒரு சிஆர்2032 பேட்டரி வில்லையில், புள்ளியை நடுத்தர வெளிச்சத்தில் வைத்தால் 50,000 மணி நேரம் எரியும் என்கிறார்கள். அதாவது ஐந்து வருஷத்துக்கும் மேல், இரவு பகல் அணைக்காமல். அந்த வில்லையின் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர் மணி வாக்கில் இருக்கும், வகுத்துப் பார்த்தால் சைட் உறிஞ்சுவது 4 மைக்ரோ ஆம்பியர் சொச்சம்தான். அவர்களுடைய காம்ப்எம்4 ஒரு ஏஏ பேட்டரியில் 80,000 மணி நேரம். இவ்வளவு கொஞ்சமாகக் குடிக்கிற ஒன்றுக்கு எதற்கு இன்னும் பட்டினி போட வேண்டும்? புள்ளியை முழு வெளிச்சத்தில் வைத்தால் இந்தக் கணக்கு நிற்காது என்பது உண்மை. ஆனால் அப்படி வைக்கிற நாட்கள் எத்தனை? என் பழசுக்கு வருஷத்துக்கு ஒரு வில்லை போடுகிறேன், அதுவும் அது செத்ததால் அல்ல, என் பயத்தால். கழற்றிய வில்லையெல்லாம் சமையலறைத் தராசில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூத்து என்னவென்றால், காரில் போகும்போது புதுசு தூங்குவதே இல்லை. டிக்கியில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் விழித்துக்கொள்ளும். யாரும் பார்க்காதபோது எரியும், நான் பார்க்கும்போது தூங்கும்.

பட்டன்களும் பிடிக்கவில்லை. பழசில் பக்கவாட்டில் ஒரு குமிழ், 12 நிலை, முதல் நான்கு இரவுப்பார்வைக் கருவிக்கானவை, வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நான்கை நான் ஆறு வருஷத்தில் ஒரு தடவை கூடப் பயன்படுத்தவில்லை, தாண்டிப் போவதோடு சரி. ஆனாலும் அந்தக் குமிழ் கைக்குத் தெரியும். பூஜ்ஜியத்திலிருந்து எட்டு சொடுக்கு என்றால் மேகமூட்டம், பத்து என்றால் வெயில். கண்ணை அட்டையிலிருந்து எடுக்காமலே விரல் எண்ணிக்கொள்ளும். பட்டனில் இப்போது எந்த நிலையில் இருக்கிறேன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, சைட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பழசு ரிப்பேருக்குப் போனது அந்தக் குமிழால்தான், அதையும் மறைக்கக் கூடாது. வில்லையை மூடும் அதன் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து, ஒரு மழை நாளில் ஈரம் உள்ளே இறங்கி, மறுநாள் கண்ணாடியின் உட்பக்கம் மூச்சு விட்டது போலப் பனித்திருந்தது. வருஷா வருஷம் வில்லை மாற்றும்போது அந்த வளையத்தை ஒரு தடவை தடவிப் பார்த்து, ஒரு துளி சிலிகான் கிரீஸ் வைத்திருந்தால் வந்திருக்காது. தப்பு என்னுடையது. ஏழு வாரம் எடுத்துக்கொண்டது அவர்களுடையது.

புதுசிலும் ஒரு வில்லைக் கதை உண்டு. போன முறை மாற்றியதும் புள்ளி மினுக்கியது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கண் சிமிட்டல். சைட்டையே திருப்பி அனுப்பப் பெட்டி கட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில வில்லைகளில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள், அது தொடும் இடத்தில் மின்சாரத்தைத் தடுக்கும். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து இரண்டு பக்கமும் துடைத்துப் போட்டேன், மினுக்கல் போயிற்று. குழந்தை இருக்கும் வீட்டில் வில்லையைத் துடைத்ததும் நேராகச் சைட்டுக்குள் போட்டு மூடிவிடுங்கள், மேசையில் வைக்காதீர்கள்.

நண்பருக்கு இன்னொரு பேச்சு பாக்கி. அவர் ஏற்கெனவே ஒரு தடவை என் பழசைப் பார்த்துவிட்டு, "புள்ளி கமா மாதிரி வால் விட்டுத் தெரியுது, இது வேண்டாம்" என்றார். அது சைட்டின் குற்றம் அல்ல. கைபேசி கேமராவை சைட்டுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக் காட்டினேன், படத்தில் புள்ளி உருண்டையாகவே இருந்தது. சைட்டைக் கையில் வைத்துப் பக்கவாட்டில் சாய்த்தால், வால் கூடவே சுற்றினால் சைட்டின் கோளாறு, சுற்றாமல் அதே பக்கம் நின்றால் கண்ணில் சிதறல், டாக்டர்கள் அஸ்டிக்மாட்டிசம் என்பார்கள். அவருக்கு வால் நகரவே இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் கொஞ்சம் சுருங்கும், புதுசு வாங்கினால் மட்டும் மறையாது. கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், அதற்கு அவர் சைட்டின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சரி தம்பி, பழசை வாங்குங்கள். கண்ணாடி மங்கல், புள்ளி பெரிசு, வளையத்தைக் கவனிக்க வேண்டும், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். நிமிர்ந்து பார்க்கும்போது புள்ளி அங்கே இருக்கும்.

ரிப்பேரிலிருந்து வந்த அன்றே பழசை ரைஃபிளில் ஏற்றி ஜீரோ பார்த்தேன், அதாவது புள்ளி நிற்கும் இடத்தில்தான் தோட்டா விழுகிறதா என்று சரிபார்த்தேன். இரண்டு வருஷம் சின்னப் புள்ளிக்குப் பழகிய கண்ணுக்கு அது பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. பத்து தோட்டா சுட்டுவிட்டுக் கழற்றி வைத்தேன். இப்போது ரைஃபிளில் இருப்பது புதுசு, தூங்கிக்கொண்டிருக்கும்.