கும்பகோணத்தில் ஒரு பேட்டரி, ரிச்சி தெருவில் இன்னொரு பேட்டரி

அண்ணன் மகள் கும்பகோணத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இதுவரை எல்லாவற்றையும் போனிலேயே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள், டேலி என்கிற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததும் அது முடியவில்லை. என்னிடம் ஒரு லேப்டாப் சும்மா கிடந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர் என்கிற எலக்ட்ரானிக்ஸ் கடை வளாகத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஏதோ ஒரு ஆபீஸில் மூன்று வருஷம் உழைத்துவிட்டு வந்த பிசினஸ் மாடல், 14 அங்குலத் திரை, இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர். பேட்டரிதான் தேய்ந்துபோயிருந்தது, முழுசாக ஏற்றினாலும் நாற்பது நிமிஷம் தாங்காது. ஊரில் மாற்றி அவளிடம் கொடுத்துவிடலாம் என்று கைப்பையில் போட்டுக்கொண்டு திருச்சி விமானம் ஏறினேன். கடைசியில் ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் காசு கொடுத்தேன். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பலரும் இப்படி ஒரு பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு போகிறோம், அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன் சிங்கப்பூரிலேயே ஒரு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். திறந்து பார்க்க மட்டும் ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பத்து வேலை நாள் ஆகும், பேட்டரி விலை பார்த்த பிறகுதான் சொல்வோம், இந்த வயசு மெஷினுக்கு இவ்வளவு செலவு எதற்கு, புதுசாக வாங்கிவிடுங்களேன் என்றார் கவுன்டரில் இருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், என்னுடையது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கீறல் கிடையாது. தேய்ந்த பேட்டரிக்காக இதைத் தூக்கிப் போடுவது, டயர் தேய்ந்ததற்கு சைக்கிளையே போடுகிற மாதிரி.

பேட்டரி எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க யாரிடமும் போக வேண்டியதில்லை. விண்டோஸிலேயே கமாண்ட் பிராம்ப்ட் என்கிற, கட்டளை தட்டும் ஜன்னலில் ஒரு வரி தட்டினால் பேட்டரி ரிப்போர்ட் வந்துவிடும். அதில் இரண்டு எண்கள்தான் முக்கியம்: புதுசாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது. என்னுடையதில் முதல் எண் 60,000, இரண்டாவது 19,380. மில்லிவாட்-அவர் கணக்கு. மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. சார்ஜ் சைக்கிள், அதாவது முழு சார்ஜ் அளவுக்கு எத்தனை தடவை ஏற்றி இறக்கியிருக்கிறோம் என்கிற கணக்கு, 741 என்று காட்டியது. லித்தியம் பேட்டரி பொதுவாக முந்நூறு, ஐந்நூறு சைக்கிளிலேயே நன்றாகக் குறைய ஆரம்பித்துவிடும், அந்தக் கணக்கில் பார்த்தால் பாவம், அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

ஊருக்கு வந்த இரண்டாம் நாள்தான் இன்னொன்றைக் கவனித்தேன். டச்பேடை அழுத்தினால் கிளிக் ஆகவில்லை, கல் மாதிரி இருந்தது. மேஜையில் வைத்துக் குனிந்து பார்த்தால் கைமணிக்கட்டு படுகிற இடம் லேசாக மேலே தூக்கியிருக்கிறது. பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயுவாகி, வெளியே போக வழியில்லாமல் அந்த அலுமினிய உறையை ஊதிவிடும். உப்பிய பேட்டரியை விமானத்தில் கொண்டுவரவே கூடாது. சிங்கப்பூரிலேயே உப்பியிருந்ததா, ஊர் வெயிலில் உப்பியதா தெரியாது. கிளம்புமுன் டச்பேடை ஒரு தடவை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. தலைக்கு மேலே இருந்த பெட்டித் தட்டில் அது நாலு மணி நேரம் இருந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் அழுத்திப் பாருங்கள்.

உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் மூடியிருந்த லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தார், "வச்சிட்டுப் போங்க, சாயந்தரம் வாங்கிக்கங்க, ரெண்டாயிரத்து அறுநூறு ஆகும்" என்றார். என்ன பேட்டரி என்று கேட்டேன். "ஒரிஜினல் மாதிரியேதான் வரும்" என்றார். அந்த 'மாதிரியே'யை நான் அங்கேயே பிடித்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். வீட்டில் சாமி கும்பிட ஆள் வந்திருந்தார்கள், அவசரம், வைத்துவிட்டு வந்துவிட்டோம். சாயங்காலம் லேப்டாப் கைக்கு வந்தது, டச்பேடும் கிளிக் ஆனது, சந்தோஷமாகக் காசைக் கொடுத்தோம். பில் கேட்கவில்லை. பழைய பேட்டரி எங்கே என்று கேட்டதற்கு, மேஜைக்கு அடியில் பழைய இரும்பு, வயர், அடாப்டர் எல்லாம் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். உப்பிய பேட்டரி அதற்குள் எங்கோ கிடந்தது. யாராவது ஒரு அடாப்டரைத் தூக்கி அதன்மேல் போட்டால் என்ன ஆகும்? அந்தக் கடையில் பதினாறு, பதினேழு வயசுப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லவும் சொன்னேன், "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றுவிட்டார்.

மூன்றாம் நாள் மருமகள் டேலியில் உட்கார்ந்திருந்தபோது 38 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பொட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றிப் பார்த்தோம், இந்தத் தடவை 41-ல். ரிப்போர்ட் எடுத்தால் 60,000-க்கு 60,000 என்று அழகாகக் காட்டுகிறது. அண்ணன் போய்க் கேட்டதற்கு, "எலக்ட்ரானிக்ஸ் ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாது சார்" என்று பதில். பில் இல்லாததால் மேலே பேச வழியும் இல்லை. பில் மட்டும் இருந்திருந்தால் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்திருப்பேன்.

அந்த வாரக் கடைசியில் சென்னையில் ஒரு கல்யாணம் இருந்தது. உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, கல்யாணத்தை முடித்துக்கொண்டு, திங்கள்கிழமை லேப்டாப்போடு ரிச்சி தெருவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் உள்ளே போக வேண்டும். ரிச்சி தெரு என்று சொல்கிறோமே தவிர நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்து சந்தாக அந்த வட்டாரமே ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் சந்தை. நான் காலேஜில் படிக்கும்போது ரேடியோ பார்ட்ஸ் வாங்க வந்த அதே தெரு, இப்போது சிசிடிவி, எல்இடி, லேப்டாப் என்று போர்டுகள் மாறியிருக்கின்றன. நுழைந்ததுமே "என்னக்கா வேணும், லேப்டாப்பா, சர்வீஸா, வாங்க வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். தெருவில் நின்று கூப்பிடுகிறவர் பின்னால் போக வேண்டாம் என்று கல்யாணத்தில் ஒரு தம்பி சொல்லியிருந்தான், அவன் வேலை செய்த ஆபீஸில் வழக்கமாகக் கொடுக்கிற ஒரு இடத்தைச் சொன்னான். குறுகலான படி, இரண்டாம் மாடி, ஒரு அறை.

அங்கே நடந்ததற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். இருபத்தெட்டு, முப்பது வயசிருக்கும் அங்கே ரிப்பேர் பார்க்கிற தம்பிக்கு. "உட்காருங்கக்கா" என்று ஒரு ஸ்டூலை இழுத்துத் தன் மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டார். நான் கதை முழுக்கச் சொல்லும்வரை லேப்டாப்பைத் தொடவே இல்லை. அப்புறம் என் கண்முன்னாலேயே திருப்பி வைத்து, அடியில் இருந்த ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கிடார் வாசிக்கிற பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஓரத்தில் செருகி டக் டக்கென்று மூடியைக் கழற்றினார். இரும்பு எதையும் உள்ளே விடவில்லை. முதல் வேலையாக பேட்டரியின் கனெக்டரை விரலால் மெதுவாகப் பிடுங்கினார், "இத எடுக்காம எதையும் தொடக்கூடாதுக்கா" என்றார்.

பேட்டரியை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். லேபிளில் 60 வாட்-அவர் என்று பெரிதாக இருந்தது, ரிப்போர்ட்டில் வந்த அதே 60,000 மில்லிவாட்-அவர். "பக்கத்துல ஆம்பியர்-அவர் போட்டிருக்கு பாருங்க, வோல்ட்டால பெருக்குங்க" என்றார். 7.6 வோல்ட், 5.6 ஆம்பியர்-அவர். போனில் பெருக்கினேன், 42.56 வாட்-அவர்தான் வருகிறது. லேபிளே லேபிளைப் பொய் என்கிறது, நாலு பேர் கை மாறியும் யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. உள்ளே நாலு செல், இரண்டு இரண்டாக ஜோடி போட்டு, அந்த இரண்டு ஜோடியையும் வரிசையாக இணைத்திருப்பார்கள். ஒரு ஜோடி பழைய செல்லாக இருந்தால் அது முதலில் காலியாகிவிடும், பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்பு போர்டு உடனே மொத்தத்தையும் நிறுத்திவிடும், திரையில் 38 என்று நிற்பது சும்மா. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஜோடியாக அளந்து காட்டினார். ஒன்று 3.81 வோல்ட், இன்னொன்று 3.32. எண்களைப் பார்த்ததும் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதுக்கு ரெண்டு வழி இருக்குக்கா," என்றார். மூவாயிரத்துக்கு ஒன்று, மூன்று மாசம் வாரண்டி. ஐயாயிரத்து இருநூறுக்கு ஒன்று, ஒரு வருஷம், பில்லோடு. காலேஜ் பிள்ளை, மூன்று நாலு வருஷம் வைத்திருக்கும் என்றால் இரண்டாவதைப் போடுங்கள் என்றார். ரேமும் கூட்டிவிடலாமா என்று கேட்டேன். டேலிக்கு எட்டு ஜிபி போதும், இன்னொரு ஸ்லாட் காலியாகத்தான் இருக்கிறது, தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்றார். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிற ஆளை நம்பலாம் என்பது என் அப்பா சொல்வது.

புதுப் பேட்டரியின் லேபிளில் காட்டிய இன்னொரு விஷயத்தை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்கிற லித்தியம் பேட்டரிக்கு பி.ஐ.எஸ்., அதாவது இந்திய தர நிர்ணய அமைவனத்தின், பதிவு கட்டாயம். லேபிளில் ஐ.எஸ். 16046 என்றும், ஆர் எழுத்தில் தொடங்கி எட்டு இலக்க எண் ஒன்றும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்று ஒரு ஆப் இருக்கிறது, அதில் அந்த எண்ணை அடித்தால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று வந்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அடித்துப் பார்த்தேன், வந்தது. கும்பகோணத்தில் போட்ட பேட்டரியில் அந்த எண்ணே கிடையாது.

மாட்டுவதற்கு முன் விசிறியைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார், ஏழு வருஷத்துத் தூசி ஒரு பஞ்சுப் படலமாக வந்தது. பிராசசர்மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசு தடவினார். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூலி ஐந்நூறு. பிறகு பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் வருகிற அமைப்புத் திரையில் போய், சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்துக் கொடுத்தார். முழு சார்ஜிலேயே எந்நேரமும் செருகி வைத்திருப்பதும் சூடும்தான் இந்தப் பேட்டரிகளுக்கு எமன். மெத்தையில் வைத்துப் பார்க்க வேண்டாம், மே மாசத்தில் ஜன்னலோரம் வைக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். கழற்றிய போலிப் பேட்டரியின் கனெக்டரில் டேப் ஒட்டி, மூலையில் மணல் போட்டு வைத்திருந்த ஒரு தகர டப்பாவில் வைத்தார். மறுசுழற்சிக்கு எடுக்கிறவர்கள் மாசம் ஒருமுறை வருவார்களாம்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். 2011-ல் தொடங்கி அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள்தான் என்றார். அவருக்கும் பிளஸ் டூ முடித்தபோது ஒன்று கிடைத்தது, ஒரு வருஷத்தில் பழுதானது, தானே திறந்து சரி செய்தார், அப்புறம் ஊரில் இருந்த சிநேகிதர்களுடையதெல்லாம் அவரிடம் வந்தது. திண்டிவனத்துப் பக்கம் ஒரு கிராமம். நான் வெளிநாட்டில் இருபது வருஷத்தில் எத்தனையோ சர்வீஸ் கவுன்டர்களில் நின்றிருக்கிறேன், டோக்கன் வரும், குறுஞ்செய்தி வரும், எல்லாம் நேரத்துக்கு நடக்கும், ஆனால் என் சாமானை என் முன்னால் ஒருவரும் திறந்து காட்டியதில்லை. இந்த ஸ்டூலுக்காகவே நான் இனிமேலும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவேன்.

திரும்பும்போது வீட்டுக்காரர் லேப்டாப்புக்கும் அங்கேயே ஒரு பேட்டரி வாங்கிக்கொண்டேன். தனியாக இருக்கிற பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும், நூறு வாட்-அவருக்குள் இருந்தால் முன் அனுமதி தேவையில்லை. கனெக்டரில் டேப் ஒட்டி, வந்த அட்டையிலேயே வைத்திருந்தேன். திருச்சியில் செக்யூரிட்டியில் எடுத்துக் காட்டச் சொன்னார்கள், லேபிளைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள்.

மருமகளுக்கு ரிப்போர்ட் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாசம் பிறந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறாள். போன வாரம் வந்ததில் 58,910. ஒரு பவர்கட்டில் நாலரை மணி நேரம் தாங்கியதாம், அதையும் எழுதியிருந்தாள்.